வந்து சேரும் நாள்

வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வந்து இறங்கும் நாளுக்குப் பூங்கா டிக்கெட் வாங்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற யோசனைகள் எல்லாம் இந்த ஒரு முடிவை ஒட்டியவைதான்.

அங்கே டிக்கெட் தேதி போட்டு விற்கப்படுகிறது. ஒரு நாள் டிக்கெட் ஒருவருக்கு 100 டாலரைத் தாண்டும். 10 வயது ஆனாலே பெரியவர் கணக்கு. 3 வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் இலவசம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டி என்று ஆறு பேர் கிளம்பினால் தொகை எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கூட்டிக்கொள்ளலாம். பல நாள் டிக்கெட்டில் ஒரு நாளைக் குறைத்தால் அந்த முழு விலையும் மிச்சமாகாது என்பது உண்மை. நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறைந்துகொண்டே போகும்படிதான் அங்கே விலை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நான் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. விமானம் தாமதமாகும், பெட்டி வரத் தாமதமாகும், அறை கிடைக்க மூன்று மணியாகும். மாலை ஐந்து மணிக்குப் பூங்கா வாசலில் நிற்கும்போது சின்னவனுக்குத் தூக்கம், பெரியவளுக்குப் பசி, பாட்டிக்குக் கால்வலி. அப்போது "இவ்வளவு பணம் கொடுத்தாச்சு, ரெண்டு ரைடாவது போய்ட்டு வருவோம்" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியம் கெடுத்த விடுமுறைகள் பல.

அந்த நாளை டிக்கெட் இல்லாமல் செலவழிக்கத் தெரிந்தால், மறுநாள் காலை முழுக் குடும்பமும் தெளிவாக எழுந்திருக்கும். எப்படி என்று பார்ப்போம்.

இடத்தின் அளவு

முதலில் மனதில் பதியவேண்டியது, இது ஒரு பூங்கா அல்ல என்பது. ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர் நிலம் இது. விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சியின் பாதிக்கும் அதிகம். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள்: 1971 அக்டோபர் 1 அன்று திறந்த மேஜிக் கிங்டம், 1982-ல் எப்காட், 1989-ல் இன்று ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்று அழைக்கப்படும் பூங்கா, 1998-ல் அனிமல் கிங்டம். இவை தவிர இரண்டு நீர்ப் பூங்காக்கள், இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகள், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைத்தெரு.

இவ்வளவு நிலம் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. 1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தபோது வாசலைச் சுற்றி மோட்டல்களும் விளம்பரப் பலகைகளும் முளைத்துவிட்டன. அடுத்த முறை வெளி உலகமே கண்ணில் படாதபடி இடம் வேண்டும் என்று வால்ட் டிஸ்னி நினைத்தார். 1960-களின் நடுவில் யார் வாங்குகிறார்கள் என்று வெளியே தெரியாமல் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தை வாங்கிச் சேர்த்தார்கள். வால்ட் 1966 டிசம்பரில் இறந்துபோனார். ஓய்வு பெற இருந்த அண்ணன் ராய் அதைத் தள்ளிவைத்துவிட்டு வேலையை முடித்து, தம்பியின் முழுப் பெயரையும் அந்த இடத்துக்குச் சூட்டினார். திறப்பு விழா நடந்த இரண்டே மாதங்களில், 1971 டிசம்பரில், அவரும் காலமானார்.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம், உங்கள் முதல் நாளின் நேரக்கணக்கு இதில்தான் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து மேஜிக் கிங்டம் வாசலுக்கு நேராக நடந்து போக முடியாது. நடுவே ஓர் ஏரி. படகிலோ மோனோரயிலிலோ கடக்கவேண்டும். வெளி உலகத்தை விட்டு மெல்ல மெல்ல உள்ளே வரவேண்டும் என்றே அப்படிக் கட்டினார்கள். எங்கே போவதானாலும் அரை மணி, முக்கால் மணி என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். "பக்கத்துலதானே" என்று வரைபடத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர்கள்தான் அங்கே மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள்.

விமான நிலையத்திலிருந்து விடுதி வரை

சென்னையிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய் வழியாக வரலாம். அல்லது அமெரிக்காவின் வேறொரு நகரத்தில் இறங்கி மாறலாம். அப்படி மாறும்போது குடியேற்றச் சோதனை முதலில் இறங்கும் ஊரிலேயே முடிந்துவிடும். பெட்டிகளையும் அங்கேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்கவேண்டும். தனியாக வரும் பெரியவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லி அனுப்புங்கள்.

அவர்களிடம் இன்னொன்றும் சொல்லவேண்டும்: பெட்டியில் கறிவேப்பிலை கூடாது. பாட்டிகள் ஈரத்துணியில் சுற்றி ஒரு கொத்தாவது வைத்துவிடுவார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, கறிவேப்பிலை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். அந்த நோய் 2005-ல் ஃப்ளோரிடாவில் தென்பட்டது. ஆரஞ்சுக்குப் பேர்போன மாநிலத்தில் அதன்பின் விளைச்சல் பயங்கரமாகச் சரிந்துவிட்டது. அதனால் இந்த இலை விஷயத்தில் அதிகாரிகள் கண்டிப்பாக இருப்பதை நான் முழு மனதோடு நியாயம் என்பேன். மற்ற தின்பண்டங்களைச் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை.

விமான நிலையத்திலிருந்து டிஸ்னி விடுதிகளுக்குச் சுமார் அரை மணிப் பயணம். முன்பு விடுதி விருந்தினர்களுக்கு இலவசப் பேருந்து ஓடியது. 2022 தொடக்கத்தோடு அது நின்றுவிட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அந்தப் பேருந்தைத் தேடி நிற்காதீர்கள். இப்போது கட்டணப் பேருந்து, டாக்ஸி, ஆப் வழிக் கார், வாடகைக் கார் என்று நான்கு வழிகள் உண்டு. ஐந்து பேருக்கு மேல் என்றால் பெரிய வண்டியை முன்பதிவு செய்வதே நிம்மதி. வாடகைக் கார் எடுத்தால் 5 வயது வரையுள்ள பிள்ளைக்குச் சட்டப்படி சிறுவர் இருக்கை வேண்டும். வழியில் சுங்கச் சாலைகள் வரும். அதற்கான தற்காலிக அட்டையை விமான நிலையத்திலேயே இலவசமாக வாங்கிக்கொண்டு, சுங்கக் கட்டணத்தை மட்டும் செலுத்தி, திரும்பும்போது அட்டையைப் போட்டுவிட்டுப் போகலாம்.

அறை கிடைக்கும் வரை

பெரும்பாலான டிஸ்னி விடுதிகளில் அறை தருவது பிற்பகல் 3 மணிக்கு. டிஸ்னி வெக்கேஷன் கிளப் வகை அறைகளில் 4 மணி. நீங்கள் பதினொரு மணிக்கே வந்துவிட்டாலும் பரவாயில்லை. பெட்டிகளை பெல் சர்வீஸில் கொடுத்தால் ரசீது தந்து வைத்துக்கொள்வார்கள். டிஸ்னியின் ஆப்பில் முன்னமே செக்-இன் முடித்திருந்தால், அறை தயாரானதும் கைப்பேசிக்கு எண் வந்துவிடும். வரவேற்பு மேசையில் வரிசையில் நிற்கவே வேண்டாம். கைப்பேசியாலேயே கதவைத் திறக்கலாம். கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்கு மேசையில் கேட்டால் சாவி அட்டை தருவார்கள். மேஜிக்பேண்ட் என்ற கைப்பட்டையைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். அது அழகுக்கும் வசதிக்கும்தான், கட்டாயமில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: உங்கள் கடன் அட்டை அறைக்கணக்கோடு இணைந்திருந்தால் பட்டையைத் தட்டியே கடைகளில் வாங்கலாம். பிள்ளைகளின் பட்டைக்கு அந்த வசதியை அன்றே நிறுத்திவிடுங்கள்.

வரிசையில் நிற்கவேண்டாம் என்றாலும், வரவேற்பு மேசைக்கு ஒரு காரியத்துக்காகப் போகச் சொல்வேன். முதல் வருகை, பிறந்தநாள், திருமணநாள் என்று எழுதிய பட்டன்கள் அங்கே இலவசம். தாத்தாவின் சட்டையில் முதல் வருகைப் பட்டனைக் குத்திவிட்டால், போகும் இடமெல்லாம் ஊழியர்கள் அவரை நிறுத்தி வாழ்த்துவார்கள். ஆங்கிலம் அதிகம் பேசாத பெரியவர்கள் அந்த வாழ்த்தில் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம்.

நீச்சல் குளத்தை அறை கிடைக்கும் முன்பே பயன்படுத்தலாம். அதனால் குளிக்கும் உடைகளை, டயபர் போடும் குழந்தைக்கு நீச்சல் டயபரையும் சேர்த்து, பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். இந்தச் சின்ன ஏற்பாடு பிற்பகல் முழுவதையும் காப்பாற்றிவிடும். துண்டு அங்கேயே கிடைக்கும். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டையும் இலவசமாகத் தருவார்கள். ஃப்ளோரிடா வெயில் தோலைப் பொசுக்கும் என்பதால் முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. தண்ணீரில் இறங்கத் தயங்கும் அம்மாக்களுக்கும் அது கூச்சத்தைப் போக்கும். கோடையில் பிற்பகல் இடி மின்னல் அநேகமாகத் தினசரி விருந்தாளி. மின்னல் வந்தால் குளத்தை மூடிவிடுவார்கள். அதனால் குளியலை முற்பகலிலோ பகல் ஒரு மணிக்குள்ளோ முடித்துக்கொள்வது நல்லது. 2025-ல் விடுதி விருந்தினர்களுக்கு வந்திறங்கும் நாளில் நீர்ப் பூங்கா இலவசம் என்றொரு சலுகை கொடுத்தார்கள். உங்கள் தேதிக்கு அது உண்டா என்று முன்பதிவின்போதே பாருங்கள். உண்டென்றாலும் காலையில் வந்து சேர்கிறவர்களுக்கு மட்டுமே அது பயன்படும்.

உயரக் கணக்கு

அறைக்குள் நுழைந்ததும் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிள்ளையைச் செருப்போடு சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். ஓர் அளவுநாடா போதும். சில ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு: மேஜிக் கிங்டமில் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 97 செ.மீ., டியானாஸ் பேயூ அட்வென்சருக்கு 102, ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112, ட்ரானுக்கு 122. ரைடு வாசலில் ஓர் அளவுகோல் நிற்கும். ஊழியர் பிள்ளையை அதன் அடியில் நிறுத்துவார். தலை கோலைத் தொடவில்லை என்றால் கெஞ்சிப் பயனில்லை. அந்தக் கண்டிப்பு பாதுகாப்புக் கம்பி யார் உடம்பில் எப்படிப் பொருந்தும் என்ற கணக்கிலிருந்து வருவது.

நாலரை வயதுப் பையன் ஒருவன் அண்ணனோடு வரிசையில் வந்து, கோலுக்கு அடியில் நுனிவிரலில் எக்கி நின்று, ஊழியர் குனிந்து "அடுத்த வருஷம் வா" என்று சொன்னதும் அண்ணன் மட்டும் உள்ளே போவதைப் பார்த்து விக்கி விக்கி அழுவது அங்கே அன்றாடக் காட்சி. அதே செய்தியை முந்தின நாள் அறைக்குள், மடியில் உட்காரவைத்துச் சொன்னால் அழுகை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். "உனக்கு இது இல்லை, அதுக்குப் பதிலா டம்போ யானை ரெண்டு தடவை" என்று பேசி முடித்துவிடலாம். உயரம் போதாத குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் வெளியே நின்று, மற்றவர் திரும்பியதும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் மாறிப் போகும் வசதிக்கு ரைடர் ஸ்விட்ச் என்று பெயர். வாசல் ஊழியரிடம் கேட்டாலே தருவார்.

அதே நேரத்தில் இன்னொரு பாடமும் நடத்திவிடுங்கள். ஊழியர்கள் எல்லாருடைய நெஞ்சிலும் பெயரும் சொந்த ஊரும் எழுதிய பட்டை இருக்கும். விடுதியிலேயே ஒருவரைக் காட்டி, "நீ தொலைஞ்சு போனா இந்த மாதிரி பட்டை போட்டவங்ககிட்டத்தான் போகணும்" என்று சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். அமெரிக்க சிம் இல்லாத தாத்தாவின் சட்டைப்பையில் விடுதியின் முழுப்பெயர், அறை எண், உங்கள் கைப்பேசி எண் மூன்றும் எழுதிய தாள் இருக்கட்டும். ஆல்-ஸ்டார் மூவீஸ், ஆல்-ஸ்டார் மியூசிக், ஆல்-ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்று மூன்று விடுதிகள் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன. "ஆல்-ஸ்டார்" மட்டும் நினைவிருந்தால் வேறு விடுதி வாசலில் இறங்கி நிற்க நேரும்.

சக்கர நாற்காலிப் பேச்சையும் அன்றே முடியுங்கள். பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். பூங்கா வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் "எனக்கெதுக்கு அது, நான் தினமும் கோயிலுக்கு நடக்கிறவ" என்று மாமியார் சொல்வார். அங்கே, கூட்டத்தின் நடுவில், வெயிலில் வைத்து அவரை வற்புறுத்துவது மரியாதையும் இல்லை, பலனும் இல்லை. முந்தின நாள் மாலை காபி குடிக்கும்போது, "அத்தை, மதியத்துக்கு மேல உங்களுக்கும் வேணும், குழந்தைக்கும் மடி வேணும்" என்று மருமகள் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

டிக்கெட் இல்லாத மாலை

எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. ஒரு விடுதியிலிருந்து மற்றொரு விடுதிக்குப் பொதுவாக நேர்ப் பேருந்து கிடையாது. பூங்காவுக்கோ டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்கோ போய் மாறவேண்டும். முதல் மாலையில் அந்த அலைச்சல் வேண்டாம்.

பாப் சென்ச்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச் ஆகியவற்றில் தங்குகிறவர்களுக்கு ஸ்கைலைனர் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய கம்பிவடத் தொட்டில்கள் அவை. ஏறுவதற்குப் பூங்கா டிக்கெட் தேவையில்லை. தொட்டிலில் ஏசி கிடையாது, ஓடும்போது காற்று வரும். மாலை வெயில் சாய்ந்ததும் ஏரியின் மேல் போய்வந்தால் பிள்ளைகளுக்கு அதுவே முதல் ரைடு. கான்டெம்பரரி, பாலினேஷியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் விடுதிகளில் இருப்பவர்களுக்கு மோனோரயில். அது கான்டெம்பரரி கட்டடத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே வரும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். பாலினேஷியன் கரையில் உட்கார்ந்தால் ஏரிக்கு அப்பால் மேஜிக் கிங்டமின் சிண்ட்ரெல்லா கோட்டை விளக்கேறுவது தெரியும். இரவு நீரில் மிதந்து வரும் ஒளி ஊர்வலத்தைக் கரையிலிருந்தே பார்க்கலாம். 1971 முதல் நடக்கும் நிகழ்ச்சி, காசு கிடையாது. அனிமல் கிங்டம் லாட்ஜில் தங்கினால் எங்கேயும் போகவேண்டாம். விலங்குகள் உலவும் வெளியைப் பார்த்த அறையானால் பால்கனிக்குக் கீழேயே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். தாத்தா பாட்டியோடு வரும் குடும்பத்துக்கு, பட்ஜெட் இடம் கொடுத்தால், நான் முதலில் சொல்லும் விடுதி அதுதான். மற்ற விடுதிக்காரர்களுக்கு டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்கு நேர்ப் பேருந்து உண்டு. ஒரு மணி நேரம் போதும். பேருந்தில் ஸ்ட்ரோலரை மடித்தாகவேண்டும். ஒரு கையில் குழந்தையும் மறு கையில் மடிப்புமாக அதை அன்றே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைச் சொல்லியாகவேண்டும். சைவக்காரர்கள் பயப்படவேண்டாம், மெனுக்களில் தாவர உணவுகளுக்கு இலைக் குறி போட்டிருப்பார்கள். அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி பகுதியில் உள்ள சனா என்ற உணவகம் இந்தியச் சுவையும் ஆப்பிரிக்கச் சுவையும் கலந்தது. பல தொட்டுக்கைகளோடு 'நான்' முதலான ரொட்டிகள் வரும் தட்டு அங்கே பிரசித்தம். ஆனாலும் ஒரு வேளையாவது சோறு வேண்டும் என்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. அறையில் சிறு ஃபிரிட்ஜ் இருக்கும், சமைக்க அனுமதி இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் கெட்டில் அங்கே 120 வோல்ட்டில் சரியாகச் சூடேறாது. வழியில் ஆர்லாண்டோவின் இந்திய மளிகைக் கடை ஒன்றில் சமைத்த சோறும் தயிரும் ஊறுகாயும் வாங்கிக்கொண்டால் முதல் இரவு தயிர்சாதத்தோடு முடியும். மறுநாளுக்குப் புளியோதரையும் சப்பாத்தியும் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். பூங்காவுக்குள் வீட்டுச் சாப்பாட்டைத் தடுப்பதில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும்தான் கூடாது. குளிர்ந்த குடிநீர் துரித உணவகங்களில் கேட்டால் காசில்லாமல் தருவார்கள்.

யாருக்கு எந்தப் பூங்கா

மறுநாள் எந்தப் பூங்கா என்பதைப் பலர் பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். எந்தக் கடிகாரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று பார்த்து முடிவு செய்வதே நல்லது.

இந்தியாவிலிருந்து நேராக வந்தவர்களுக்கு ஆர்லாண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால். மாலை ஆறு மணிக்கே கண் சொக்கும். அதிகாலை மூன்று மணிக்குத் தாத்தா குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். இதை எதிர்த்துப் போராடாமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நான்கில் பெரும்பாலும் முதலில் திறப்பது அனிமல் கிங்டம். காலைக் குளிர்ச்சியில் கிளிமஞ்சாரோ சஃபாரியில் விலங்குகள் நடமாடும். அதற்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது, குடும்பமே ஒரே வண்டியில் போகலாம். மதியம் இரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பிவிடலாம்.

கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறவர்கள் கதை நேரெதிர். ஆர்லாண்டோவின் காலை ஏழு மணி அவர்கள் உடம்புக்கு விடியற்காலை நான்கு. அந்தப் பிள்ளைகளை இழுத்து எழுப்பினால் நாள் அழுகையில்தான் தொடங்கும். அவர்களுக்கு எப்காட். பதினொரு நாடுகளின் அரங்குகள் உள்ள வேர்ல்ட் ஷோகேஸ் வழக்கமாகக் காலை 11 மணிக்குத்தான் திறக்கும். இரவு வாணவேடிக்கை வரை பிள்ளைகள் சோர்வில்லாமல் இருப்பார்கள். நியூஜெர்சி, அட்லான்டாக்காரர்களுக்குக் கடிகாரம் மாறாது. அவர்கள் நேராக மேஜிக் கிங்டம் போகலாம்.

காலையில் போகிறவர்கள் ஒன்றைத் தவறவிடக்கூடாது. டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்களை எந்தப் பூங்காவிலும் அரை மணி முன்னதாக உள்ளே விடுவார்கள். பூங்கா 9 மணிக்குத் திறக்கிறது என்றால் உங்களுக்கு 8.30. அந்த அரை மணியில் வரிசை குறைவு. அதைப் பிடிக்க 8 மணிக்கு வாசலில் இருக்கவேண்டும், அதற்கு 7.15-க்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கவேண்டும். ஆகவே இரவே பையைக் கட்டுங்கள்: தொப்பி, மழைக்கோட்டு, பவர் பேங்க், மாத்திரை, குழந்தைக்கு ஒரு மாற்று உடை. ஆப்பில் எல்லார் டிக்கெட்டும் தெரிகிறதா, காசு கொடுத்துக் குறுவரிசையில் போகும் லைட்னிங் லேன் பதிவு செய்திருந்தால் நேரம் சரியா என்று பார்த்துவிட்டுக் கைப்பேசிகளைச் சார்ஜில் போடுங்கள். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிடலாம்.